யானைப் படத்துக்கு நான் அழுவேன்

தேவர் பிலிம்ஸ் படங்கள் எனக்குப் பிடிக்கும். சின்ன வயது ஞாபகத்துக்காகப் பிடிக்கும், பொழுது போவதற்காகப் பிடிக்கும் என்றெல்லாம் சுற்றிவளைக்கப் போவதில்லை. ‘நல்ல நேரம்’ எங்கே ஓடினாலும் உட்கார்ந்துவிடுவேன். யானையா, குடும்பமா என்று கேள்வி எழும் கட்டத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். ‘ஆட்டுக்கார அலமேலு’ ஓடினால் கடைசி வரை அந்த ஆட்டின் பக்கம்தான் நிற்பேன். இதைச் சொல்வதற்கு வெட்கமில்லை. பல வருடம் இதை மறைத்தேன், மறைத்ததோடு நிற்காமல் அந்தப் படங்களையும் அவற்றைப் பார்த்தவர்களையும் இகழ்ந்து எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

படங்களின் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அவை தெரியாமல் ரசிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1956இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ தொடங்கி 1972இல் ‘நல்ல நேரம்’ வரை எம்.ஜி.ஆரை வைத்து சின்னப்பா தேவர் எடுத்த படங்கள் 16. இயக்கம் தம்பி எம்.ஏ. திருமுகம். தலைப்புகளைப் பாருங்கள்: தாய்க்குப்பின் தாரம், தாய் சொல்லைத் தட்டாதே, தாயைக் காத்த தனயன், கன்னித்தாய், தாய்க்குத் தலைமகன். கதைகளும் ஒன்றுக்கொன்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். முன்கதையில் ஒரு கொலை நடக்கும், பழி நாயகன் மேல் விழும், அம்மா அழுவார், கடைசி ரீலில் போலீஸ் ஜீப் வரும். எதிரி யாரென்று நாகேஷுக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். ஒரே வீட்டு செட்டில் மாடிப்படி மட்டும் இடம் மாறியிருக்கும். எம்.ஜி.ஆரும் ஜெமினி கணேசனும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘முகராசி’யை இரண்டு வாரத்துக்குள் எடுத்து முடித்தார்கள் என்பார்கள். பார்த்தால் நம்பலாம். பாத்திரங்கள் வளர்வதில்லை, மனம் மாறுவது ஒரு அறையிலோ ஒரு பாட்டிலோ நடந்துவிடும். மார்க் போடச் சொன்னால் நானே குறைத்துத்தான் போடுவேன்.

இருந்தும் பிடிக்கிறது. ஏன் என்று யோசித்தால் ஊர்ப் பக்கம்தான் வந்து நிற்கிறேன்.

தேவர் கோயமுத்தூர் ராமநாதபுரத்துக்காரர். 1915இல் பிறந்தவர். மில்லில் வேலை பார்த்தார், பால் வியாபாரம் செய்தார், உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். பேருக்கு முன்னால் இருக்கும் ‘சாண்டோ’ அங்கிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் சினிமா சென்னையில் மட்டும் இருக்கவில்லை. திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர்ப் பக்கம் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்தது. ஊருக்குள் பட்சிராஜா இருந்தது, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த ‘ராஜகுமாரி’யில்தான் 1947இல் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். அந்தப் படத்தில் அவரோடு மோதும் பயில்வான் இந்த ராமநாதபுரத்துக்காரர். நண்பர்கள் இருவரும் அன்றைக்கு மோதிக் காட்டியதை பிறகு சொந்தப் படங்களில் திரும்பத் திரும்ப மோதிக் காட்டினார்கள்.

அந்தச் சண்டைகளைப் பற்றி விமர்சகர்கள் சரியாக எழுதவில்லை என்பது என் எண்ணம். தேவர் படத்துச் சண்டையில் உடம்புக்கு எடை உண்டு. கம்பு சுற்றுகிறவன் கால் எங்கே ஊன்றுகிறான், பிடிபட்டவன் இடுப்பை எப்படித் திருப்பி விடுபடுகிறான் என்பதைக் காமிரா தள்ளி நின்று முழுசாகக் காட்டும். கதையில் எதை நம்பாவிட்டாலும் அந்தப் பிடியை நம்பலாம். பயிற்சிக் கூடத்தில் மண் தின்ற மனிதர் எடுத்த படம் என்று அங்கே தெரியும். அப்புறம் வேகம். பூஜை போடும் அன்றைக்கே வெளியீட்டு நாளையும் தேவர் குறித்துவிடுவார் என்று திரையுலகில் இன்றும் பேசுகிறார்கள். கதையை ஒருவர் எழுதுவதில்லை. ‘தேவர் கதை இலாகா’ என்று நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து கட்டுவார்கள். அதனால்தான் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் அதனாலேயே ஒரு காட்சியும் சும்மா நிற்பதில்லை. கே.வி. மகாதேவன் பாட்டு வருவதற்கு முன்பு ஒரு ஆபத்து, பாட்டு முடிந்ததும் இன்னொரு ஆபத்து. எட்டு மணி நேரம் மில்லில் நின்றுவிட்டு வந்து உட்காருகிறவரை இந்தப் படம் காக்க வைக்காது.

எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் அப்படி நின்றுவிட்டு வந்தவர்கள்தான். அம்மா மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருந்தாள். வார லீவு அன்றைக்கு வீட்டு வேலை முடித்து, முகம் கழுவி, பழைய படம் ஓட்டும் கொட்டகைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போவாள். அவளுக்குப் பிடித்தது ‘துணைவன்’. அதில் கே.பி. சுந்தராம்பாள் பாடுவார். கொடுமுடிக்காரர் பாடுகிறார் என்பதில் அம்மாவுக்கு ஒரு சொந்தம். குழந்தை முருகனாக வருகிற ஸ்ரீதேவியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எனக்கு மிருகங்கள் வரும் படம்தான் வேண்டும். 1977இல் ‘ஆட்டுக்கார அலமேலு’ வந்தபோது எங்கள் பக்கத்துப் பையன்கள் பள்ளிக்கூட மைதானத்தில் வேறு எதையும் பேசவில்லை.

இனி என் குற்றம்.

கல்லூரிக்குப் போனதும் ஒரு திரைப்படச் சங்கத்தில் சேர்ந்தேன். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை ஒரு கூடத்தில் திரை கட்டி, பதினாறு எம்.எம். புரொஜக்டரில் ‘பதேர் பாஞ்சாலி’யும் ‘சைக்கிள் திருடர்க’ளும் காட்டினார்கள். அந்தப் படங்கள் என்னை உண்மையாகவே உலுக்கின. அதில் பொய் எதுவும் இல்லை. ‘பதேர் பாஞ்சாலி’யில் துர்கா இறந்த பிறகு அப்பா திரும்பி வரும் காட்சி முடிந்து வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. பொய் அதற்கப்புறம் டீக்கடையில் தொடங்கியது. அங்கே நல்ல படத்தைப் புகழ்ந்தால் மட்டும் போதாது, மற்றதை மிதிக்கவும் வேண்டும். சங்கத்துப் பெரியவர் ஒருவர், “நீ எந்தப் படம் பாத்து வளந்தே தம்பி?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். “வீட்ல கூட்டிட்டுப் போவாங்க சார், ஆடு மாடு நடிக்கிற படம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் எனக்கு இடம் கிடைத்தது.

பிறகு ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரை எழுதினேன். தேவர் படங்கள் உழைக்கிற மக்களை யோசிக்க விடாமல் மயக்கி வைத்திருக்கின்றன, ஆடு நடிக்கும் படத்துக்கு அழுகிறவர்கள் தங்களுக்கு மில்லில் நடப்பதற்கு அழத் தெரியாதவர்கள் என்று எழுதினேன். வாசித்தவர்கள் பாராட்டினார்கள். மில்லில் நடப்பதற்கு அம்மா எத்தனை அழுதாள் என்று எனக்குத் தெரியும். தொழிற்சங்கத்தில் சேர்ந்து மில் கேட்டு வாசலில் உட்கார்ந்ததும் தெரியும். தெரிந்தேதான் அந்த வரியை எழுதினேன், அது அழகாக வந்தது என்பதற்காக.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூரதர்ஷனில் தமிழ்ப் படம் போடுவார்கள். லைனில் டிவி இருந்த வீடுகள் சிலதான், எங்கள் வீடு அதில் ஒன்று. கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்க, ஒரு ஞாயிறு தேவர் படம் ஓடியது. நான் சுவரோரம் நின்றுகொண்டு, இந்த நிழல் எப்படித் தப்பாக விழுகிறது, இந்தக் காட்சி எந்தப் படத்தில் ஏற்கெனவே வந்தது என்று உரக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். “ஏங்கண்ணு, உனக்குப் புடிக்கலீன்னா எந்திரிச்சுப் போ சாமி. அழுகறவங்களப் பாத்து எதுக்குச் சிரிக்கறே?” என்றாள். நான் போகவில்லை. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கத்தான் அத்தனை சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது சொல்ல அவள் இல்லை.

மோசமான படத்தைக் கூட்டமாக உட்கார்ந்து கேலி செய்து அனுபவிப்பது ஒரு தனி ரசனை. மிகையையும் செயற்கையையும் ரசிக்கும் மனப்போக்கைப் பற்றி சூசன் சான்டாக் 1964இல் எழுதிய கட்டுரையை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். என் நண்பர்கள் சிலர் அந்த வழியில் தேவர் படத்துக்குத் திரும்பி வந்தார்கள். எனக்கு அது உதவாது. அங்கே ரசிப்பவர் படத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறார், நான் படத்துக்குள் கிடக்கிறேன். பாலின் கேல் 1969இல் எழுதியது எனக்கு இன்னும் கிட்ட வருகிறது. மட்டமான படத்தில் கிடைக்கும் சந்தோஷத்தை ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கலை என்று பூசி மெழுகாதீர்கள் என்பது அவர் வாதம். அதை வாசித்த பிறகுதான் நான் மெல்ல வாய் திறந்தேன். ‘நல்ல நேரம்’ எனக்குப் பிடிக்கும் என்று முதலில் வீட்டில் சொன்னேன், பிறகு நண்பர்களிடம் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சொன்ன பிறகுதான் கேள்விகள் வந்தன.

முதலில் கேட்டது தங்கச்சி. ‘விவசாயி’ பற்றி நான் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். 1967இல் வந்த படம், தலைப்புப் பாட்டு இன்றைக்கும் எங்கள் பக்கம் கோயில் ஒலிபெருக்கியில் கேட்கும். அவள், “அதுல இன்னொரு பாட்டு இருக்குதேண்ணா” என்றாள். பெண் எப்படி இருக்க வேண்டும், படித்தாலும் எப்படி அடங்கி நடக்க வேண்டும் என்று நாயகன் பாட்டிலேயே பாடம் நடத்துவார். அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் பெரியப்பா அந்தப் பாட்டைத்தான் அவள் எதிரில் பாடிக் காட்டிப் புத்தி சொல்லியிருக்கிறார். நானும் அன்றைக்கு அந்தத் திண்ணையில் இருந்தேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. “இத்தன நாளா இந்தப் படமெல்லாம் குப்பைன்னு நீயே சொல்லிட்டு இருந்தே. குப்பைன்னு சொல்றவங்கிட்டப் போயி நான் என்னத்தச் சொல்றது?” என்றாள்.

நான் செய்த தப்பின் முழு அளவு எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. வெளியில் இகழ்ந்தேன், உள்ளே கும்பிட்டேன். இரண்டு இடத்திலும் படத்தை உற்றுப் பார்க்கவே இல்லை. மொத்தமாகக் குப்பை என்று தள்ளியதால் அதில் எது கெடுதல், எது வெறும் அவசர வேலை என்று பிரிக்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. மாடிப்படி இடம் மாறுவதும், பெண்ணை அடக்கிப் பாடுவதும் என் கட்டுரையில் ஒரே வகைக் குறைகளாக அடுத்தடுத்து நின்றன. முதலாவது யாருக்கும் தீங்கு செய்யவில்லை. இரண்டாவது எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்தது.

அடுத்தது யானை. இதில் தேவர் படத்தைவிட என் பங்கு பெரிது.

தேவரின் யானைக் கதை ‘தெய்வச் செயல்’ என்று 1967இல் தமிழில்தான் முதலில் வந்தது. அதே கதை ராஜேஷ் கன்னாவை வைத்து 1971இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ ஆகி வடநாட்டைக் கலக்கியது. சலீம்–ஜாவேத் பெயர் திரையில் வரத் தொடங்கிய காலத்துப் படம் அது. அடுத்த வருடம் திரும்பத் தமிழுக்கு வந்து ‘நல்ல நேரம்’ ஆனது. அந்தக் கதையின் யானை நன்றி மறக்காது, பிள்ளையைக் காப்பாற்றும், மனிதன் சந்தேகப்பட்டாலும் திரும்பி வரும். இந்திப் படத்து யானை ‘ராமு’ எஜமானுக்காகக் குண்டையே வாங்கிக்கொள்ளும். இந்த யானையைத்தான் நான் நெஞ்சுக்குள் வைத்து வளர்த்தேன். மருதமலை முருகனுக்குத் தேவர் செய்த திருப்பணியை எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்த மலையடிவாரம் காட்டு யானை நடக்கும் இடம் என்பதை நான் பெரியவனாகித்தான் யோசித்தேன்.

2019 ஜனவரியில் தடாகம் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த காட்டு யானையை வனத்துறை பிடித்து டாப்சிலிப் பக்கம் காட்டில் விட்டது. ஊர் அதற்குச் சின்னத்தம்பி என்று பெயர் வைத்திருந்தது. சில நாளில் அது காட்டை விட்டு இறங்கி, வயல் வயலாக நடந்து உடுமலைப் பக்கம் வந்து சேர்ந்தது. அமராவதி சர்க்கரை ஆலைப் பக்கமும் கண்ணாடிப்புத்தூர்க் கரும்புக் காட்டிலும் அது நின்ற நாட்களில் ஜனம் திரண்டது. டிவியில் நேரலை. நானும் போனேன். வரப்பில் நின்றிருந்தவர்கள், “பையன் வீட்டுக்குத் திரும்பிப் போறானுங்க, பாவம்” என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தேவர் படத்தின் கடைசி ரீல் எங்கள் கண்முன்னால் நடக்கிற மாதிரி இருந்தது. நாங்கள் கை காட்டினோம், படம் எடுத்தோம், சிலர் வாழைத்தார் கொண்டுவந்தார்கள். எங்கள் அன்பு அத்தனையும் அதை இன்னும் ஊருக்குள் நிறுத்தி வைத்தது. பிப்ரவரியில் உயர் நீதிமன்ற அனுமதியோடு பழக்கிய கும்கி யானைகளைக் கொண்டு அதை மறுபடி பிடித்து, வரகளியாறு முகாமில் மரக் கூண்டில் அடைத்தார்கள். பிறகு அதுவே கும்கியாகப் பழக்கப்பட்டது.

கூண்டுக்குள் ஒரு காட்டு யானை எப்படிப் பழக்கப்படுகிறது என்று அப்போதுதான் தேடி வாசித்தேன். பசியும் கட்டும் தனிமையும் வேண்டியிருக்கிறது. மணி ஆட்டிப் பூஜை செய்யும் சினிமா யானை எந்த வழியாக அங்கே வந்து நின்றது என்று நான் கேட்டதே இல்லை. என் பழைய கட்டுரையில் அந்த யானை ‘நம்ப முடியாத காட்சி’ என்ற குறையாக மட்டும் இருந்தது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இலேயே வந்துவிட்டது. வித்தை காட்டும் விலங்குகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் தனிப் பகுதியே உண்டு. திரையில் விலங்கு வந்தால் விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேண்டும் என்ற கெடுபிடி வந்தது இந்த நூற்றாண்டில்தான். இடையில் போன வருடங்களில் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த ஆட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கரும்புக் காட்டில் நாங்கள் பார்த்தது நன்றியுள்ள பையன் இல்லை. தன் தடத்தைத் தேடி நடந்த ஒரு காட்டு உயிர். நவக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் செத்தபோது செய்தியைப் படித்துவிட்டுத் தொண்டை அடைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரும் என்பது அவற்றுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. 2024இல் மதுக்கரைத் தண்டவாள ஓரம் நட்ட கோபுரங்களும் வெப்பக் கேமராக்களும் செய்கின்றன. யானை வருவது தெரிந்தால் ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகிறது. யானையின் மேல் அன்பு வைக்கத் தேவர் படம் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்று நான் இப்போதும் நம்புகிறேன். அந்த அன்பு தப்பான யானையின் மேல் இருந்தது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்காமல் போனதா என்றால், போகவில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அறிவு வந்ததும் ரசனை தானாகத் திருந்திவிடும் என்று நான் இளவயதில் மேடையில் பேசியிருக்கிறேன். என் விஷயத்தில் அது நடக்கவில்லை. 1964 பொங்கலுக்கு ‘கர்ண’னும் ‘வேட்டைக்கார’னும் ஒரே நாளில் வந்தன. பந்துலு பெருஞ்செலவில் எடுத்த ‘கர்ணன்’ மேலான படம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதை 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோது தியேட்டரில் எழுந்து நின்று பார்த்தேன். ஆனாலும் ராத்திரி தூக்கம் வராவிட்டால் நான் போடுவது ‘வேட்டைக்காரன்’. தொப்பி வைத்த எம்.ஜி.ஆரும் சாவித்திரியும் வந்ததும் உடம்பு தளர்கிறது. காரணம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞாபகம் மட்டும்தான் என்று சொல்லித் தப்பிக்கலாம். அம்மா பார்க்காத தேவர் படங்களும் எனக்குப் பிடிக்கின்றன. அந்த நெஞ்சை நிமிர்த்தின நேர்நடை பிடிக்கிறது. கெட்டவன் இன்னான் என்று முதலிலேயே சொல்லிவிடும் தைரியம் பிடிக்கிறது. மூன்று மணி நேரத்தில் நியாயம் கிடைத்தாக வேண்டும் என்ற பிடிவாதம் எல்லாவற்றையும்விடப் பிடிக்கிறது. மில் கேட்டு வாசலில் வருடக் கணக்கில் அது கிடைக்காதவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான்.

இப்போது வீட்டில் நாங்கள் சேர்ந்து பார்க்கிறோம். மகள் யானை வரும் படம் என்றால் வருவதில்லை. ஒருமுறை வந்து உட்கார்ந்தாள். “கால்ல சங்கிலி தெரியுதுங்கப்பா, பாருங்க” என்று காட்டினாள். பார்த்தேன், நிறுத்தவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள். தங்கச்சி வருவாள். அந்தப் பாட்டு வந்தால், “ஓட்டிவுடுண்ணா” என்பாள், ஓட்டிவிடுவேன். சங்கத்துக் காலத்து நண்பர் ஒருவரும் வருகிறார். நான் அழுதால் அவர் பார்க்காத மாதிரி இருப்பதில்லை, ஏன் இந்த இடத்தில் அழுகிறாய் என்று கேட்கிறார். பதில் சொல்லப் பார்க்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ‘தாய் சொல்லைத் தட்டாதே’ போடலாம் என்று இருக்கிறோம். அதில் யானை இல்லை என்று சொன்னதும் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.